உட்கார்ந்து கேட்ட கணக்கு

கடுக்காமேடு,
கோமுகிப்பேட்டை.
24.8.2025, ஞாயிறு

அக்கா,

இன்று காலை உன் வீட்டு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். உள்ளே மாமா உன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "கவுன்சிலர் பேசறேன், சொல்லு" என்றார். தேர்தலில் ஜெயித்தது நீதான் என்று நான் நினைத்திருந்தேன். கவுன்சிலரே பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே வந்து யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை.

எனக்கு நேரில் வாய் வராது என்பது உனக்குத் தெரியும். காலேஜில் மூன்று வருஷமும் வருகைப் பதிவின்போது எனக்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்தவள்தான் "பிரசன்ட் மிஸ்" சொல்வாள். அதனால் எழுதுகிறேன். காசியம்மாள் அத்தை உன் தெருவையும் எங்கள் தெருவையும் பெருக்குகிறவர். கடிதத்தைக் கொடுத்ததும், "நான் இன்னா போஸ்ட்டுமேனா? எங் குப்ப வண்டில குப்பதான் போவும்" என்றார். சொல்லிக்கொண்டே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

போன வாரம் நாங்கள் மனுவோடு நகராட்சிக்கு வந்தபோது நீ மாடிப்படியில் நின்றாய். தெருப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், "படிக்க வெச்சதுக்கு இதான் கூலியா?" என்று கேட்டாய். அம்மாவும் அங்கேதான் நின்றாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா கஞ்சியை என் பக்கம் நகர்த்திவிட்டுத் தான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மனுவை நீ வாங்கிப் பார்க்கவில்லை என்பதால் அதில் இருந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குடிநீர் இணைப்புக்கென்று எங்கள் வீடுகள் ஒவ்வொன்றும் ஐயாயிரம் வைப்புத்தொகை கட்டின. குழாய் வந்தது. திறப்பு விழா அன்று தண்ணீரும் வந்தது. மறுநாள் வரவில்லை. தெருமுனையில் லாரித் தண்ணீரைக் குழாயில் இணைத்துத் திறந்து காட்டினார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து குழாய்க் கம்பியில் பூமாலை அண்ணன் ஆடு கட்டுகிறார்.

யாரும் தின்றுவிட்டார்கள் என்று நாங்கள் எழுதவில்லை. எங்கள் தெருவிலிருந்து வந்த பணம் எவ்வளவு, அது எந்தெந்த வேலைக்குப் போனது, மீதி எங்கே இருக்கிறது, இதை எங்கள் முன்னால் சொல்லுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறோம். பதில் ஒரு வரியில் வந்தது: "மன்றத் தீர்மானத்தின்படி செலவு செய்யப்பட்டுள்ளது." அந்த மன்றத்தில் நீயும் இருக்கிறாய், அக்கா.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி நம் வார்டுக்குப் பகுதி சபைக் கூட்டம். உன் தலைமையில் நடக்கிறது. அங்கே எங்கள் வார்டுக் கணக்கை நீ வாசிக்க வேண்டும். இதைக் கேட்கத்தான் வந்தேன்.

மணிமொழி

---

27.8.25

மணி,

கடிதம் வந்தது. கொடுக்க வந்த சாக்கில் காசியம்மா என் வூட்டுக் காபியைக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று குறையும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளைத்தாள் இல்லை. மன்ற அஜெண்டாவின் பின்பக்கம் எழுதுகிறேன். அஜெண்டா என்றால் என்ன என்று உனக்குத் தெரியும், நீ பி.காம். எனக்கு அது இன்னா என்று இங்கே வந்துதான் தெரிந்தது. கூட்டம் நடக்கிற அன்று காலையில் வரும். முதலில் உங்க மாமா படிப்பார். அங்கே போனதும் தலைவர், "பொருள் ஒன்று முதல் கடைசி வரை" என்பார். எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். நானும் தட்டுவேன். அவ்வளவுதான் மன்றம்.

முதல் கூட்டத்தில் நான் ஒரு தடவை வாயைத் திறந்தேன். "இது இன்னா செலவுங்க?" என்று கேட்டேன். பக்கத்து வார்டுக்காரர் மைக் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மலைய வுட்டு எறங்கினதும் கணக்கு கேக்குதுப்பா" என்றார். ஹாலே சிரித்தது. டீ கொடுக்க வந்தவன்கூடச் சிரித்தான். அதுக்கப்புறம் நான் கேட்டதில்லை. இதை நான் யார்கிட்டயும் சொல்லலை. உன்கிட்ட எழுதறேன்.

இந்த ஊரில் நம்ம ஆளுங்க சுமை தூக்கியிருக்காங்க, ஜவ்வரிசி மில்லில் மாவு கரைச்சிருக்காங்க, கடுக்காய் மூட்டையோடு சந்தையில் மழையில் நின்னிருக்காங்க. நகராட்சி நாற்காலியில் உட்கார்ந்தது நான்தான் முதல். நம்ம ஆளுங்களுக்கென்று ஒதுக்கின வார்டு, அதனால் கிடைச்சதுதான். இருந்தாலும் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியைப் பிடிச்சு ஆட்டறது என் கூடப் பிறந்தவளா?

நான் பத்தாவதோட நின்னு மில்லுக்குப் போனப்போ உனக்கு ஏழு வயசு. போனதுக்கு எனக்கு வருத்தம் இல்லை. நீ பட்டம் வாங்கின அன்னிக்கு அந்தக் கறுப்பு அங்கியை நான்தான் முதல்ல போட்டுப் பார்த்தேன், ஞாபகம் இருக்கா. தெருவிளக்கு கொண்டு வந்தேன். கால்வாய்க்கு மூடி போட வெச்சேன். அதுக்கெல்லாம் யாரும் மனு எழுதலை.

பதினஞ்சாம் தேதி தலைவர் வருவார், ஆணையர் வருவார். அவங்க முன்னால என்னை நிக்க வெச்சுக் கணக்குக் கேக்கணுமா? ஊருக்கு முன்னால அக்காவைத் திருடின்னு நிறுத்தணுமா? யோசிச்சுக்கோ.

சுபலட்சுமி

---

கடுக்காமேடு,
29.8.2025

அக்கா,

உன் அஜெண்டாத் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். நீ எழுதியதை வேறு தாளில் பார்த்து எழுதிக்கொண்டேன். அச்சடித்த பக்கத்தைப் படிக்கவில்லை.

ரைஸ் மில்லில் என்னோடு பில் போடும் ஷாலினி, "லூசு, திருப்பிப் பார்றி. நீ கேக்கறது அதுலயே இருக்கும்" என்றாள். இருக்கலாம். ஆனால் குப்பை வண்டியில் மறைந்து வருகிற கணக்கு எங்களுக்கு எதற்கு? நாங்கள் திருடிக்கொண்டு வந்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை அது. எங்களுக்குச் சொல்லியாக வேண்டிய விஷயம்.

அந்த டீக்காரன் சிரித்ததைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருக்கலாம் நீ. நாங்கள் வந்து சிரித்திருப்போமா?

"நிற்க வைத்து" என்று எழுதியிருந்தாய். அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அக்கா, மலையில் நம் ஊர் சேராங்காட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி முடிந்த மறுநாள் என்ன நடக்கும்? ஊர்ப்பணத்தைக் கையில் வைத்திருந்தவர் கோயில் முன்னால் கல்மேல் ஏறி நிற்பார். செருப்பைக் கழற்றிவிட்டு, தோள் துண்டை இறக்கிவிட்டு நிற்பார். பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் கீழே உட்கார்ந்திருப்போம். கைக்குழந்தை வைத்திருப்பவள்கூட உட்கார்ந்துதான் இருப்பாள். முதல் காசிலிருந்து கடைசிக் காசுவரை அவர் வாயால் சொல்வார். சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் எழக் கூடாது. நடுவில் எழுந்துவிட்டால், உன் கணக்கை நான் நம்பவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னதாக ஆகிவிடும்.

சின்னக்கண்ணு சித்தப்பா ஒரு வருஷம் கிடாக்குட்டி வாங்கின கணக்கை மறந்துவிட்டு, வெயில் உச்சிக்கு வரும்வரை கல்மேல் நின்றாரே, நினைவிருக்கிறதா? "சித்தப்பா, பரவால்ல, எறங்கிடு" என்று ஒருவரும் சொல்லவில்லை. எழவும் இல்லை. எழுந்தால் அவருக்குத் திருட்டுப் பட்டம். அவருக்காகத்தான் எல்லோரும் வெயிலில் காய்ந்தோம். கடைசியில் அவர் பொண்டாட்டி கீழே இருந்து, "யோவ், அந்தக் குட்டிய எங்கப்பன் சும்மா குடுத்தாருய்யா" என்றாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. முடித்து இறங்கினவருக்கு ஊர் சார்பில் சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். அதை வாங்கிக் குடிக்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது? தலை குனிந்தா இருந்தது?

நிற்பது குற்றவாளி இல்லை. பொறுப்பு எடுத்தவர். இந்த ஊரில்தான் பணத்தை வைத்திருப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கொடுத்தவர்களை நிற்க வைக்கிறார்கள். நாங்கள் மனுவோடு வந்த அன்றுகூட மூன்று மணிநேரம் நின்றோம்.

நீ பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரிகிறது. நானும் பயந்தவள்தான். இந்தக் கடிதத்தைத் தவிர வேறு எங்கும் இவ்வளவு பேசியதில்லை.

மணி

---

9.9.25

மணி,

பத்து நாளாக எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய். சொல்வதற்கு ஏதாவது இருந்தால்தானே எழுத முடியும்.

சித்தப்பா விஷயத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். உங்க மாமா வந்து, "இன்னா, பைத்தியமா?" என்று கேட்டார். சொல்லவில்லை. அவருக்குப் புரியாது. அவர் சங்கராபுரம் பக்கம். அவங்க ஊரில் திருவிழாக் கணக்கை நோட்டீஸ் அடிச்சு ஒட்டிடுவாங்க.

உங்க மாமாவைப் பற்றி நீ தப்பாக நினைக்காதே. அவர் காசு வாங்குகிற ஆள் இல்லை. அடுத்த தேர்தலில் எனக்கு மறுபடி சீட்டு கிடைக்க வேண்டும், அதுக்குத் தலைவர் மனசு கோணக் கூடாது, இதுதான் அவர் கவலை. "அஞ்சு வருசம் வாயத் தொறக்காம இருந்தா பத்து வருசம் இருக்கலாம்" என்பார். நானும் அப்படித்தான் இருந்தேன். அதில் ஒன்றும் பெருமை இல்லை.

போன வாரம் அவர் ரிஷிவந்தியத்துக்குக் கல்யாணத்துக்குப் போனார். நான் தலைவலி என்று சொல்லிவிட்டேன். அவர் வண்டி திரும்பினதும் புடவை மாற்றிக்கொண்டு நேராக நகராட்சிக்குப் போனேன். தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. வாட்ச்மேன் எனக்குப் பின்னாலே எட்டிப் பார்த்து, "சார் வரலீங்களா?" என்று கேட்டான். "எந்த சாரு?" என்றேன். அவன் நகர்ந்து வழி விட்டான்.

ஆணையர் அறையில் உட்கார்ந்து, என் வார்டில் வந்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் நல்ல மாதிரிதான் பேசினார். "எதுக்கும்மா உங்களுக்கு அந்தச் சிரமம்" என்றார். "சிரமம் இல்லீங்க, படிக்கத் தெரியும்" என்றேன். சாயந்திரம் ஆபீஸ் பூட்டுகிற நேரம் வரை உட்கார வைத்தார்கள். எழவில்லை. கடைசியில் கணக்குப் பிரிவில் இருக்கிற ஜெயசுதா மேடம் முத்திரை போட்டு இரண்டு தாள் கொண்டுவந்து கொடுத்தாங்க. கொடுக்கும்போது என் கையை ஒரு அழுத்து அழுத்தினாங்க.

தாள் என்கிட்ட இருக்கிறது. படித்துவிட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. குப்பை வண்டியில் வருகிற கணக்கு வேண்டாம் என்று நீதான் சொன்னாய்.

ஆனால் வாசிப்பேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது. பதினைந்தாம் தேதி நிகழ்ச்சி நிரலில் மரம் நடுதல், பிளாஸ்டிக் ஒழிப்பு உறுதிமொழி, தலைவர் உரை, இவ்வளவுதான் இருக்கிறது. கணக்கு இல்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு வர வேண்டாம். ஏதாவது பேசி வைப்பாள்.

சுபா

---

கடுக்காமேடு,
16.9.2025

அக்கா,

நேற்று கூட்டம் முடிந்ததும் மாமா உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன வேகத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்பு கொள்ளவில்லை. ராத்திரி போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தது. காசியம்மாள் அத்தையிடம், "அக்கா மொகம் எப்பிடி இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வாங்க" என்று சொல்லி இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மேடையில் நடந்தது எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. கீழே நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. அதை நான் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவை அழைத்து வர வேண்டாம் என்றாய். நான் அழைக்கவில்லை. அவள்தான் எங்களை அழைத்து வந்தாள். கடுக்காமேட்டில் வீட்டுக்கு ஒருத்தியாவது வந்திருந்தோம். மண்டபத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். மைக்செட்காரர் பதறிப்போய், "நாற்காலி உங்களுக்குத்தாம்மா" என்றார். பூமாலை அண்ணன் பொண்டாட்டி, "கணக்கு கேக்க வந்தவங்க நாற்காலில ஒக்காருவாங்களாப்பா?" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மரம் நட்டார்கள். உறுதிமொழி சொன்னோம். தலைவர் பேசினார். பேருந்து நிலைய வளைவின் அழகைப் பற்றி நிறையப் பேசினார். பிறகு நன்றி சொல்லி, கூட்டம் முடிந்தது என்று அறிவித்தார்கள். பின்னால் நாற்காலியில் இருந்த மற்றத் தெருக்காரர்கள் எழுந்து வாசல் பக்கம் போனார்கள். நம் ஆட்கள் ஒருவரும் எழவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், இதை நான் திட்டமிடவில்லை. யாரும் திட்டமிடவில்லை. நீ மேடையில் உட்கார்ந்திருந்தாய். கணக்கு இன்னும் சொல்லப்படவில்லை. அந்த நேரத்தில் எழுந்தால் உனக்கு அவமானம். அவர்கள் உனக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார்கள், அக்கா.

மேடையில் இருந்தவர்களுக்கு அது போராட்டம் போலத் தெரிந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்தபடியே குரல் கொடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது நான்தான். இது போராட்டம் இல்லை, எங்கள் பழக்கம் இது என்று. அதற்குள் ஒரு பெண் போலீஸ் வந்துவிட்டார்.

"எழுந்திரிங்கம்மா. தர்ணா பண்றதுக்கு பர்மிஷன் வாங்கினீங்களா?"

அம்மா கேட்டாள்: "தர்ணான்னா இன்னா கண்ணு?"

"எழுந்திரிக்காம ஒரே எடத்துல ஒக்காந்துகினு இருக்கறது."

அம்மா காசியம்மாள் அத்தை பக்கம் திரும்பினாள். "கேட்டியா, நாம தர்ணா பண்றோமாம்."

"இத்தினி நாளு தெரியாமப் போச்சே. ரேசன் கடைல வாரா வாரம் பண்றோம்" என்றார் அத்தை. அந்தப் பெண் போலீஸே வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஆனால் பின்னாலேயே இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று யாரோ சொன்னார்கள். பெண் போலீஸின் குரல் மாறியது. "சொன்னாக் கேளுங்கம்மா. கேஸ் ஆயிடும். எழுந்திரிங்க" என்று அம்மாவின் தோளைத் தொட்டார். அப்போதுதான் அம்மா சொன்னாள். நான் அவள் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் கத்தவில்லை. அடுப்படியில் பேசுகிற குரல்தான்.

"நாங்க எழுந்துட்டா எம் பொண்ணு திருடின்னு ஆயிடும் தாயி. அவ மேடைல ஒக்காந்துகினு இருக்கா பாரு, பச்சப் பொடவ. அவளுக்கு அந்தப் பேரு வரக் கூடாது. அவ கணக்கு சொல்லி முடிக்கட்டும். நாங்களே போயிடறோம்."

அதற்குப் பிறகு மண்டபத்தில் ஏன் அப்படிச் சத்தமே இல்லாமல் போனது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். நீ குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய்.

அதற்கு மேல் நடந்தது உனக்குத் தெரியும். நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் சொல்லி அனுப்பு.

மணி

---

18.9.25

மணி,

முகம் நன்றாக இருக்கிறது. காசியம்மாவிடம் கேட்டுக்கொள். இரண்டு தடவை காபி குடித்தாள், சர்க்கரை சரியாக இருந்ததாம்.

மண்டபம் ஏன் அமைதியானது என்று உனக்குத் தெரியவில்லையா? மைக்செட்காரன் கூட்டம் முடிந்தது என்று ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். மைக்கைக் கழற்றி அம்மா பக்கத்தில் தரையில் வைத்தவன் அணைக்க மறந்துவிட்டான். அம்மா அடுப்படிக் குரலில் சொன்னது தெருவரைக்கும் ஸ்பீக்கரில் கேட்டது. வாசலைத் தாண்டிப் போனவர்கள் எல்லாம் அப்படியே நின்றார்கள்.

அதுக்கு ஒரு நிமிஷம் முன்னால் தலைவர் என் காதில், "ஒங்கம்மாவ எழுந்திருக்கச் சொல்லும்மா, அசிங்கமாப் போயிடும்" என்றார். எனக்கும் அப்போ உங்கள் மேல கோபம்தான். கிளம்பி வந்து உட்கார்ந்துகினு என் மானத்தை வாங்கறாங்களே என்று. நானும் தர்ணா என்றே நினைச்சேன். மலையில் பிறந்து வளர்ந்த எனக்கே மூணு வருஷ நாற்காலியில் அது மறந்துபோச்சு. ஸ்பீக்கரில் அந்தப் பச்சைப் புடவை என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் உறைச்சது. எனக்காகத்தான் உட்கார்ந்திருக்காங்க.

மேடை ஓரத்தில் நின்ற உங்க மாமா உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினார், உட்காரு உட்காரு என்று. நான் செருப்பைக் கழற்றினேன். மடியில் இருந்த தாளை எடுத்தேன்.

எப்படி வாசித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. தடுக்கித் தடுக்கித்தான் வாசித்திருப்பேன். பெரிய பெரிய வார்த்தை. அந்தப் பக்கத்து வார்டுக்காரர் முதல் வரிசையில் இருந்தார். ஒரு வார்த்தைக்கு நான் மூச்சு வாங்கினபோது அவர் சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கலை. குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடுக்காமேட்டில் வாங்கின தண்ணீர்ப் பணம் பேருந்து நிலைய வளைவு வேலைக்கு மாற்றப்பட்டது என்ற வரி வந்தபோது மட்டும் நான் தடுக்கலை. அதை வீட்டிலேயே நிறைய தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். அந்தத் தீர்மானத்துக்கு நானும் மேசை தட்டினேன் என்பதையும் சொன்னேன். அது தாளில் இல்லை. ஆனால் அதுவும் கணக்குதானே.

முடிச்சதும் யாரும் எழலை. அம்மா மட்டும் சத்தமாகச் சொன்னாள், "கணக்கு சரி. செலவுதான் தப்பு."

அப்புறம் கீழேர்ந்து ஒரு குரல். "வளைவுக்குப் போன பணம் எங்கள் குழாய்க்கு எப்போது திரும்பி வரும்?" என்று. சுத்தத் தமிழில், ஸ்கூல் பிள்ளை ஒப்பிக்கற மாதிரி. யார் குரல் என்று எனக்குத் தெரியலை. என் தங்கச்சி குரலை நான் அவ்வளவு சத்தமாகக் கேட்டதே இல்லை. தேடினேன். நீ உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி வெச்சிருந்தாய், வருகைப் பதிவுக்குத் தூக்கற மாதிரி. இதை நீ கடிதத்தில் எழுதாமல் விட்டுட்டியே. கள்ளி.

ஆணையர் மைக்கைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தபடியே பதில் சொல்ல வந்தார். "எழுந்து சொல்லுங்கய்யா, ஒக்காந்துகினு சொன்னா நாங்க எப்பிடி நம்பறது" என்றார்கள் கீழே. அவர் ஒரு பார்வை பார்த்தார். என்னைப் பார்த்தார், என் வெறும் காலைப் பார்த்தார். எழுந்து நின்றார். டிசம்பர் கூட்டத்துக்குள் பணத்தைக் குடிநீர்க் கணக்குக்கே திருப்புவதாகச் சொன்னார். அதை நான் கூட்டப் புத்தகத்தில் எழுத வைத்து, அவர் கையெழுத்தையும் வாங்கினேன். திருப்புவாரா என்பது டிசம்பரில் தெரியும். திருப்பலைன்னா மறுபடி நிற்கட்டும்.

வூட்டுக்கு வந்ததும் உங்க மாமா இரண்டு நாள் பேசலை. "என்னை ஒரு வார்த்த கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். "நீங்க என்னை என்னிக்குக் கேட்டீங்க?" என்றேன். நேற்று சாயந்திரம் அவரே போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "ஒனக்குத்தான் வருது எல்லாம்" என்றார். அன்னியிலேர்ந்து அடிச்சுக்கினே இருக்குதாம், அதனால்தான் அணைச்சு வெச்சாராம். ஒன்பதாவது வார்டிலிருந்து ஒரு அம்மா, அவங்க தெருப் பூங்காக் கணக்கைக் கேட்கணுமாம். "எப்பிடி ஒக்காரணும், ரூல்ஸ் இன்னா?" என்று கேட்கறாங்க. "ரூல்ஸ் ஒண்ணும் இல்ல, சொல்லி முடிக்கிற வரைக்கும் எழக் கூடாது, அவ்ளோதான்" என்றேன். அதுக்கு முன்னால் போனை எடுத்ததும், "கவுன்சிலர் பேசறேன்" என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கலை. நான் மேடையை விட்டு இறங்கினதும் அம்மா சொம்புத் தண்ணீரை நீட்டினாளே. மேசை நிறைய பாட்டில் தண்ணீர் இருந்தது, நான் சொம்புத் தண்ணியைத்தான் குடித்தேன். லாரித் தண்ணி, மருந்து வாடை அடிச்சது. ஒரு சொட்டு விடாமல் குடிச்சேன். அந்த மண்டபத்தில் பித்தளைச் சொம்பு எங்கேர்ந்து வந்தது? யார்கிட்ட வாங்கினா?

இனிமேல் போன் பண்ணு. நானே எடுப்பேன்.

அக்கா

---

கடுக்காமேடு,
19.9.2025

அக்கா,

போன் செய்யலாம் என்று எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். இதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிடும். கடைசியாக ஒரு தடவை எழுதிவிடுகிறேன். காசியம்மாள் அத்தையும், "வேலைய வுட்டு நிறுத்திடாதீங்கடி, காபி போயிடும்" என்கிறார்.

சொம்பை யாரிடமும் வாங்கவில்லை. அது நம் வீட்டுச் சொம்பு. சேராங்காட்டிலிருந்து இறங்கும்போது அம்மா கொண்டுவந்தது.

பதினைந்தாம் தேதி காலையில் நான் எழுந்தபோது அம்மா வாசலில் உட்கார்ந்து அதைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். லாரி வந்து நாலு நாள் ஆகியிருந்தது. குடத்தில் அடித் தண்ணீர்தான் கிடந்தது. சோறு வடிக்கவே காணாது. அதைச் சாய்த்துத் துணியில் வடிகட்டிச் சொம்பில் ஊற்றினாள்.

"எதுக்கும்மா? அங்க எல்லாருக்கும் பாட்டில் தண்ணி தருவாங்க" என்றேன்.

"அது நமக்கு. இது அவளுக்கு."

நீ வாசிப்பாயா என்று உனக்கே தெரியாது என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். மறந்துவிட்டாளோ என்று நினைத்து, "அக்கா வாசிக்கறேன்னு சொல்லலியேம்மா" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சொம்பின் வாயை ஈரத்துணியால் கட்டினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு, தெரு முழுக்க ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டே முன்னால் நடந்தாள்.

மணி